பழைய கார் ஸ்டீரியோவில் ஆக்ஸ் இன்புட்: கேசட்டும் ஓடும், போனும் பாடும்

உங்கள் கார் கேசட் காலத்தில் வாங்கியதா? டாஷ்போர்டில் கேசட் பிளேயரும் ரேடியோவும் இருக்கின்றன, ஆனால் மொபைல் போனில் உள்ள பாட்டைக் கேட்க வழி இல்லையா? "புது ஸ்டீரியோ மாட்டிவிடுங்கள், இதைத் தூக்கிப் போடுங்கள்" என்றுதான் கடைக்காரர் சொல்லியிருப்பார். அவசரப்பட வேண்டாம். நூறு ரூபாய் கூடப் பெறாத ஒரு ஜாக்கும், அரை நாள் பொறுமையும் இருந்தால், கம்பெனி மாட்டிக் கொடுத்த அதே ஸ்டீரியோவில் போனை இணைக்க முடியும். கேசட்டும் ரேடியோவும் முன்பு போலவே வேலை செய்யும்.

மதுரைக்கு அருகே திருவாதவூரில் இருக்கும் என் மாமாவின் காரில் இதைச் செய்து பார்த்தோம். 2003-ல் வாங்கிய கார். ஸ்டீரியோ டாஷ்போர்டின் வளைவோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. அதைக் கழற்றி வேறு வாங்கி மாட்டினால் பெரிய ஓட்டை தெரியும். மாமா அதை மாற்ற மறுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காலஞ்சென்ற அப்பத்தா பேரன் பேத்திகளுக்குத் தாலாட்டுப் பாடியதைப் பதிந்து வைத்த கேசட் ஒன்று அவரிடம் இருக்கிறது. வீட்டில் இருந்த டேப் ரிக்கார்டர்கள் எல்லாம் பழுதாகிவிட்டன. அந்தக் கேசட் ஓடும் ஒரே இடம் அந்தக் கார்தான்.

மாணிக்கவாசகர் பிறந்த ஊர் ஆயிற்றே, 2005-ல் வெளிவந்த இளையராஜாவின் திருவாசகத்தைக் காரில் கேட்க வேண்டும் என்பது மாமாவின் நீண்ட நாள் ஆசை. அது போனில் இருக்கிறது, காரில் கேட்க வழியில்லை. இதற்காக ஒரு கடையில் காரை விட்டபோது, அங்கிருந்தவர் ஸ்பீக்கருக்குப் போகும் வயரை வெட்டி, அதில் ஒரு பின்னைச் சேர்த்துக் கொடுத்தார். போனைச் செருகி ஸ்டீரியோவை ஆன் செய்ததும் போனின் ஆடியோ பகுதி போய்விட்டது. அதன் பிறகு அந்தப் போனில் ஹெட்போன் வேலை செய்யவே இல்லை. தவறு எங்கே நடந்தது என்று பார்த்தால், சரியான முறை எது என்பதும் தானாகவே விளங்கும்.

ஆக்ஸ் இன்புட் என்றால் என்ன?

வெளியில் இருந்து வரும் ஆடியோ சிக்னலை ஸ்டீரியோவுக்குள் அனுப்பும் கூடுதல் வாசல்தான் ஆக்ஸ் இன்புட். பொதுவாக 3.5 மி.மீ. ஜாக் வடிவில் இருக்கும். கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் செருகுகிறோமே, அதே அளவுதான். உள்ளே மூன்று தொடர்புகள்: இடது சிக்னல், வலது சிக்னல், இரண்டுக்கும் பொதுவான எர்த்.

பழைய கார்களில் இது ஏன் இல்லை? அந்த நாட்களில் தேவைப்படவில்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் சாண்ட்ரோ வெளிவந்தது 1998-ல். மறைமலை நகரில் இருந்து ஃபோர்டு ஐகான் வந்தது 1999-ல். ஆப்பிள் நிறுவனம் ஐபாடை அறிமுகம் செய்ததோ 2001 அக்டோபரில்தான். சட்டைப் பையில் பாட்டை வைத்துக்கொண்டு காரில் ஏறும் பழக்கம் அதற்குப் பிறகே பரவியது. ஆக்ஸ் ஜாக்கும் அதன் பின்னர்தான் கார்களில் சாதாரணமாயிற்று.

முதலில் எளிய வழிகள்

ஸ்டீரியோவைத் திறக்காமலேயே செய்யக்கூடியவை சில உண்டு. இவற்றில் ஒன்று உங்களுக்குப் போதும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேசட் அடாப்டர்: கேசட் வடிவில் இருக்கும். இதிலிருந்து ஒரு வயர் வெளியே வரும். கேசட்டில் டேப் ஓடும் இடத்தில் இதில் ஒரு சிறு காந்தத் தலை உள்ளது. போனில் இருந்து வரும் சிக்னலை அது காந்தப் புலமாக மாற்றும். ஸ்டீரியோவின் ஹெட் அதை டேப்பில் இருந்து வருவதாகவே எண்ணிப் படிக்கும். விலை குறைவு, உடனே வேலை செய்யும். ஆனால் உள்ளே இருக்கும் பற்சக்கரங்களின் கரகர சத்தம் சிலவற்றில் கேட்கும். ஆட்டோ ரிவர்ஸ் உள்ள பிளேயர்களில் சில அடாப்டர்கள் நிற்காமல் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். மதுரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போர்டில் இதை வைத்துவிட்டுப் போனால் வளைந்துவிடும். வளைந்ததை உள்ளே திணித்தால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்: சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுவது. போனில் உள்ள பாட்டைச் சிறிய ரேடியோ நிலையம் போல ஒலிபரப்பும். கார் ரேடியோவை அதே அலைவரிசையில் வைக்க வேண்டும். இதில் சிரமம், காலி அலைவரிசை கிடைப்பதுதான். மதுரைப் பக்கம் சூரியன் எஃப்.எம். 93.5, மிர்ச்சி 98.3, மதுரை வானொலி 103.3, ஹலோ எஃப்.எம். 106.4 ஆகியவை இருக்கின்றன. போதாக்குறைக்கு, மலை மேல் இருந்து ஒலிபரப்பாகும் கொடைக்கானல் 100.5 சமவெளி முழுவதும் பலமாகக் கேட்கிறது. இவற்றில் இருந்து இருபக்கமும் விலகிய ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கவும். இருந்தாலும் எஃப்.எம். ஒலிபரப்பில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி போகாது. இரைச்சலும் கொஞ்சம் சேரும். பேச்சு கேட்கப் போதும், வீணை கேட்கப் போதாது.

எஃப்.எம். மாடுலேட்டர்: இதுவும் அதே தத்துவம்தான். ஆனால் காற்றில் ஒலிபரப்பாமல், ஆன்டெனா வயருக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவில் நேரடியாகச் செருகப்படும். ஆன் செய்தால் வெளி ஆன்டெனாவைத் துண்டித்துவிடும். எனவே வேறு நிலையங்களின் தொந்தரவு பெருமளவு குறையும்.

சி.டி. சேஞ்சர் சாக்கெட்: சில ஸ்டீரியோக்களின் பின்புறம் சி.டி. சேஞ்சர் இணைப்பதற்கென்று தனிச் சாக்கெட் விட்டிருப்பார்கள். அதில் சேஞ்சர் போல நடிக்கும் அடாப்டர் ஒன்றை மாட்டினால் ஆக்ஸ் கிடைக்கும். உங்கள் ஸ்டீரியோவின் மாடல் எண்ணுக்கு உரிய அடாப்டரைத்தான் வாங்க வேண்டும். இது கிடைத்தால் சால்டரிங் வேலையே இல்லை. முதலில் இதைத் தேடிப் பாருங்கள்.

இவை எதுவும் ஒத்துவராவிட்டால், ஸ்டீரியோவைத் திறந்து நாமே ஒரு வாசல் வைப்பதுதான் வழி.

உள்ளே சிக்னல் எப்படிப் போகிறது?

வயரில் கை வைக்கும் முன் இதைப் புரிந்துகொள்வது அவசியம். ஸ்டீரியோவுக்குள் நான்கு நிலையங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நிலையம், டேப் ஹெட். இங்கே சிக்னல் மிக மிகச் சிறியது, ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு.

இரண்டாவது, ப்ரீ ஆம்ப்ளிஃபயர். டேப் ஹெட்டின் சிறு சிக்னலைப் பல மடங்கு பெருக்கும். டேப்பில் பதியும்போது ஏற்பட்ட ஒலி மாற்றத்தைச் சரிசெய்யும் வேலையும் இதற்கு உண்டு. ரேடியோவின் டியூனரில் இருந்து வரும் சிக்னலும் ஏறக்குறைய இதே அளவுக்கு வந்து சேர்கிறது.

மூன்றாவது, வால்யூம் கன்ட்ரோல். ரேடியோவா கேசட்டா என்று தேர்ந்தெடுத்த பின் சிக்னல் இங்கே வருகிறது. பாஸ், ட்ரபிள் எல்லாம் இங்கேதான்.

நான்காவது, பவர் ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கரை அதிர வைக்கும் சக்தி இங்கே உண்டாகிறது. பழைய செட்டுகளில் டி.டி.ஏ. 2003, பிற்காலத்து நான்கு ஸ்பீக்கர் செட்டுகளில் டி.டி.ஏ. 7388 போன்ற ஐ.சி.க்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

போனின் ஹெட்போன் ஜாக்கில் இருந்து வரும் சிக்னல் சுமார் அரை வோல்ட்டில் இருந்து ஒரு வோல்ட் வரை இருக்கும். ப்ரீ ஆம்ப்ளிஃபயரைக் கடந்த சிக்னலும் ஏறத்தாழ இந்த அளவுதான். எனவே போன் சேர வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: இரண்டாவது நிலையத்துக்குப் பின்னால், மூன்றாவது நிலையத்துக்கு முன்னால்.

எங்கே இணைக்கக் கூடாது?

டேப் ஹெட்டில் இணைக்காதீர்கள். மில்லிவோல்ட்டை எதிர்பார்க்கும் இடத்தில் அதைப் போல ஆயிரம் மடங்கு சிக்னல் போனால் ஒலி கிழிந்து கேட்கும். வால்யூமைக் குறைத்து அனுப்பினாலும், ப்ரீ ஆம்ப்ளிஃபயர் செய்யும் ஒலித் திருத்தத்தால் பாட்டு கிணற்றுக்குள் இருந்து வருவது போல மந்தமாக இருக்கும்.

ஸ்பீக்கர் வயரில் இணைக்கவே இணைக்காதீர்கள். மாமாவின் போன் போனது இதனால்தான். டி.டி.ஏ. 7388 போன்ற ஐ.சி.க்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயர்களும் தனித்தனியாக ஓட்டப்படுகின்றன. இரண்டிலும் பேட்டரி வோல்ட்டேஜில் பாதி, அதாவது ஆறு ஏழு வோல்ட் எப்போதும் நிற்கும். இரண்டிலும் ஒரே அளவு இருப்பதால் ஸ்பீக்கருக்குக் கேடு இல்லை. ஆனால் ஸ்பீக்கரின் மைனஸை எர்த் என்று நினைத்து ஒரு போனை இணைத்தால், அந்த ஆறு ஏழு வோல்ட் போனுக்குள் பாய வழி கிடைத்துவிடும். சில சமயம் பவர் ஐ.சி.யும் சேர்ந்து போகும். ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த் அல்ல. இந்தக் கட்டுரையில் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

தேவையான பொருட்கள்

ஸ்விட்ச் உள்ள 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஜாக் ஒன்று. ஐந்து கால்கள் இருக்கும், வெளிப்பகுதி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். ஷீல்டு உள்ள ஸ்டீரியோ வயர் இரண்டு மீட்டர். 10 மைக்ரோஃபாரட் கன்டென்சர் நான்கு, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 1 மைக்ரோஃபாரட் கன்டென்சர் இரண்டு. மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், கூரான கத்தி, இன்சுலேஷன் டேப். மதுரை என்றால் டவுன் ஹால் ரோட்டிலும், சென்னை என்றால் ரிச்சி தெருவிலும் உள்ள எலக்ட்ரானிக் கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும்.

கழற்றும் முன்

முதலில், உங்கள் ஸ்டீரியோ பாதுகாப்புக் கோடு கேட்கும் ரகமா என்று காரின் கையேட்டில் பாருங்கள். அப்படி இருந்தால், பேட்டரியைக் கழற்றி மறுபடி மாட்டியதும் கோடு கொடுத்தால்தான் பாடும். கோடு கையில் இல்லாமல் பேட்டரியைத் தொடாதீர்கள்.

அடுத்து, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றவும். எப்போதும் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். ஏர்பேக் உள்ள கார் என்றால், கையேட்டில் சொல்லியுள்ள நேரம் வரை காத்திருந்த பிறகே டாஷ்போர்டில் கை வைக்கவும். மஞ்சள் நிற உறை போட்ட ஏர்பேக் வயர்களை எக்காரணம் கொண்டும் தொடவேண்டாம்.

ஸ்டீரியோவை வெளியே இழுத்ததும், பின்னால் உள்ள கனெக்டர்களைக் கழற்றும் முன் போனில் நாலைந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எது எங்கே இருந்தது என்ற குழப்பம் வராது.

மேசையில் சோதனை: கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். போதும்

காரில் உட்கார்ந்து குனிந்தபடி சால்டரிங் செய்வது முதுகுக்கும் ஆகாது, சீட்டுக்கும் ஆகாது. ஸ்டீரியோவை வீட்டு மேசைக்குக் கொண்டு வந்துவிடலாம். அதற்கு 12 வோல்ட் வேண்டுமே? பழைய கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ். இருந்தால் போதும். பெரிய கனெக்டரில் உள்ள பச்சை வயரையும், ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். ஓடத் தொடங்கும். மஞ்சள் வயரில் 12 வோல்ட், கறுப்பு எர்த். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், உள்ளே உயர் வோல்ட்டேஜ் தேங்கி நிற்கும்.

ஸ்டீரியோவுக்கு இரண்டு 12 வோல்ட் இணைப்புகள் தேவை. ஒன்று நினைவகத்துக்காக எப்போதும் இருப்பது, மற்றொன்று சாவி திருப்பினால் வருவது. ஐ.எஸ்.ஓ. வகை கனெக்டர் என்றால், பவருக்கான பகுதியில் 4-ம் எண் நிரந்தர 12 வோல்ட், 7-ம் எண் சாவி வழி 12 வோல்ட், 8-ம் எண் எர்த். சில கார்களில் 4-ம் 7-ம் இடம் மாறி இருக்கும். சோதனைக்கு இரண்டையும் சேர்த்தே மஞ்சள் வயரில் கொடுப்பதால் கவலை இல்லை. வேறு வகை கனெக்டர் என்றால் ஸ்டீரியோவின் மேல் ஒட்டியுள்ள லேபிளைப் பாருங்கள். வயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், அது காருக்குக் கார் மாறும். ஸ்பீக்கர் ஒன்றை அதன் இரண்டு முனைகளிலும் முறையாக இணைத்துவிட்டு, ரேடியோ பாடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியான இடத்தைக் கண்டுபிடிப்பது

வால்யூம் குமிழ் ஒரு இடத்தில் தொடங்கி ஒரு இடத்தில் முட்டி நிற்கிறதா? அப்படியானால் உள்ளே பழைய வகை வால்யூம் கன்ட்ரோல் இருக்கிறது. அதற்கு ஆறு கால்கள்: இடதுக்கு மூன்று, வலதுக்கு மூன்று. ஒவ்வொரு மூன்றிலும் நடுக்கால் பவர் ஆம்ப்ளிஃபயருக்குப் போவது. ஓரக் கால்களில் ஒன்று எர்த். மல்டிமீட்டரை வைத்தால் ஸ்டீரியோவின் எர்த்தோடு தொடர்பு காட்டும். மிச்சம் இருக்கும் ஓரக் கால்தான் சிக்னல் உள்ளே வரும் இடம். நமக்கு வேண்டியது அதுவே.

குமிழ் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே போகிறது, அல்லது பட்டன்தான் இருக்கிறது என்றால், வால்யூம் வேலையை ஓர் ஐ.சி. செய்கிறது. உதாரணம், டி.டி.ஏ. 7313. இதற்கு மூன்று ஸ்டீரியோ இன்புட்டுகள் உண்டு. ஐ.சி.யின் மேல் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு கூகுளில் தேடினால் அதன் டேட்டா ஷீட் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். எந்தக் கால் எந்த இன்புட் என்று அதில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள்.

வெட்டும் முன் சோதித்துப் பாருங்கள். போனின் இடது சிக்னலை 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1 மைக்ரோஃபாரட் கன்டென்சர் இரண்டின் வழியாகவும் கொண்டு வந்து, நீங்கள் சந்தேகிக்கும் இடத்தில் தொடுங்கள். போனின் எர்த்தை ஸ்டீரியோவின் எர்த்தோடு இணைத்திருக்க வேண்டும். வால்யூம் குறைவாக இருக்கட்டும். ரேடியோ பாட்டோடு போனின் பாட்டும் கலந்து கேட்டு, வால்யூமைத் திருகும்போது இரண்டும் ஒன்றாகவே கூடிக் குறைந்தால், அதுதான் சரியான இடம். போன் பாட்டு மட்டும் வால்யூமுக்குக் கட்டுப்படாமல் கேட்டால், நீங்கள் ஒரு நிலையம் தள்ளிப் போய்விட்டீர்கள். வலது பக்கத்துக்கும் இதே போல இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாக் இணைக்கும் முறை

ஸ்விட்ச் உள்ள ஜாக்கின் அருமை இங்கேதான் தெரியும். அதன் ஐந்து கால்களில் ஒன்று எர்த். இடதுக்கு இரண்டு, வலதுக்கு இரண்டு. பின் செருகாதபோது இடதின் இரண்டு கால்களும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும். பின்னைச் செருகினால் பிரிந்துவிடும். வலதும் அப்படியே.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை நிறுத்திவிட்டு, வால்யூமுக்கு வரும் இடது சிக்னலின் தடத்தைப் போர்டில் கத்தியால் கீறித் துண்டிக்கவும். இப்போது இரண்டு முனைகள் கிடைக்கும். ரேடியோ, கேசட் பக்கம் இருந்து வரும் முனையை ஜாக்கின் ஸ்விட்ச் காலில் இணைக்கவும். வால்யூம் பக்கம் போகும் முனையைப் பின் தொடும் காலில் இணைக்கவும். வலதுக்கும் அதே போல. ஷீல்டை ஜாக்கின் எர்த் காலில் சேர்த்து, மறுமுனையை வால்யூம் கன்ட்ரோலின் எர்த் காலில் வைக்கவும். ஸ்டீரியோவின் இரும்புப் பெட்டியில் எங்காவது ஓரிடத்தில் வைத்தால் இரைச்சல் வரும்.

துண்டித்த இரண்டு முனைகளிலும் ரேடியோ ஓடும்போது எர்த்துக்கு எதிராக டி.சி. வோல்ட்டேஜ் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பூஜ்யம் என்றால் நேரடியாக இணைக்கலாம். வோல்ட் இருந்தால், அந்த முனைக்கும் ஜாக்குக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கன்டென்சர் ஒன்றைப் போடவும். பிளஸ் பக்கம் வோல்ட் உள்ள முனையை நோக்கி இருக்க வேண்டும். பாட்டு தாண்டிப் போகும், டி.சி. தாண்டாது. போனுக்கு இதுதான் காவல்.

ஐ.சி. வகை ஸ்டீரியோவில் எந்த இன்புட்டை வெட்டுவது? டியூனரில் இருந்து இடது, வலது என இரண்டு தடங்கள் ஐ.சி.க்கு வந்தால் ரேடியோ இன்புட்டை வெட்டுவது சுலபம். ஐ.சி.க்கு முன்னால் ஏற்கெனவே உள்ள கன்டென்சருக்கும் முன்பாக, டியூனர் பக்கம் வெட்டவும். பிறகு ரேடியோவை ஆன் செய்து பின்னைச் செருகினால் போன் பாடும், எடுத்தால் ரேடியோ பாடும். சில செட்டுகள் நிலையம் கிடைக்காத இடத்தில் ஒலியை அடக்கிவிடும். எனவே பலமாகக் கிடைக்கும் ஒரு நிலையத்தில் ரேடியோவை விட்டு வையுங்கள். டியூனரில் இருந்து ஒரே ஒரு தடம்தான் வருகிறது என்றால், இடது வலது பிரிக்கும் வேலை அந்த ஐ.சி.க்குள்ளேயே நடக்கிறது. அங்கே வெட்டிப் பயனில்லை. சி.டி. இன்புட்டையோ டேப் இன்புட்டையோதான் வெட்ட வேண்டும். உள்ளே ஒரு சி.டி. அல்லது கேசட் ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்த இன்புட் திறந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

தடத்தை வெட்டப் பயமாக இருக்கிறதா? சி.டி. உள்ள செட் என்றால் இன்னொரு உபாயம் உண்டு. கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ஜெனரேட் மெனுவில் சைலன்ஸ் என்பதைத் தேர்வு செய்து, 70 நிமிடம் என்று கொடுங்கள். அதை வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, சாதாரண ஆடியோ சி.டி.யாக எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுமே கேட்காத சி.டி. தயார். அது ஓடும்போது, நாம் சோதனைக்குப் பயன்படுத்திய ரெசிஸ்டர், கன்டென்சர் வழியாகவே போனை நிரந்தரமாக இணைத்துவிடலாம். எதையும் வெட்டத் தேவையில்லை. ஒலி அளவு சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

மாமாவின் ஸ்டீரியோவில் பழைய வகை ஆறு கால் வால்யூம் கன்ட்ரோல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ரேடியோ, கேசட் இரண்டும் அதன் வழியாகவே போவதால், இரண்டு தடங்களை வெட்டியதோடு வேலை முடிந்தது. மேசையில் முதலில் போட்டுப் பார்த்தது போனை அல்ல, கேசட்டை. அது முன்பு போலவே பாடியது தெரிந்த பிறகுதான் மாமா காபி குடிக்க எழுந்தார்.

காரில் மாட்டிய பின் 'ஊய்ங்' என்ற சத்தமா?

மேசையில் சுத்தமாகக் கேட்டது, காரில் மட்டும் ஊய்ங் என்ற சத்தத்தோடு வருகிறதா? ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்தச் சத்தமும் ஏறுகிறதா? ஜாக்கில் தவறில்லை. போனைக் கார் சார்ஜரிலும் மாட்டி, ஆக்ஸிலும் மாட்டினால், எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகிறது. ஆல்டர்னேட்டரின் சத்தம் அந்த வளையத்தின் வழியாகப் பாட்டுக்குள் நுழைகிறது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், சத்தம் நின்றால் காரணம் இதுதான். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சிறு டப்பா கிடைக்கும். உள்ளே இரண்டு சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். பாட்டு காந்தப் புலமாகத் தாண்டும், எர்த் தாண்டாது. ஆக்ஸ் வயரின் நடுவில் இதைச் செருகினால் போதும். பவர் பேங்கில் சார்ஜ் போட்டாலும் சத்தம் வராது.

போனில் ஜாக்கே இல்லையா?

2016-ல் வந்த ஐபோன் 7-ல் ஹெட்போன் ஜாக்கை நீக்கினார்கள். இன்று பல போன்களில் அது கிடையாது. அதற்கும் வழி உண்டு. டைப் சி-யில் இருந்து 3.5 மி.மீ. ஜாக்குக்கு மாற்றும் அடாப்டர் வாங்கலாம். அல்லது புளூடூத் ரிசீவர் ஒன்றை ஆக்ஸ் ஜாக்கில் செருகலாம். ரிசீவர் வாங்கும்போது உள்ளே பேட்டரி இல்லாமல், யு.எஸ்.பி. மின்சாரத்தில் நேரடியாக ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் லித்தியம் பேட்டரியை விட்டு வைப்பது நல்லதல்ல. இந்த ரிசீவரிலும் ஊய்ங் சத்தம் வர வாய்ப்புண்டு, மருந்து அதே ஐசொலேட்டர்தான்.

கடைசியாக ஒன்று

ஜாக்கை கியருக்கோ ஸ்டீயரிங்குக்கோ இடையூறு இல்லாத இடத்தில், வயர் காலில் சிக்காதபடி வையுங்கள். உள்ளே போகும் வயர் கூரான உலோக விளிம்புகளில் உரசாமல் டேப் சுற்றவும். ஃப்யூஸ் எரிந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸைத்தான் போட வேண்டும். பெரிய ஃப்யூஸோ கம்பியோ போட்டால் எரிவது கார்தான். பாட்டைக் கிளம்பும் முன்பே தேர்வு செய்துவிடுங்கள். ஓட்டும்போது போனைக் கையில் எடுப்பதை 2019-ம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் ஆபத்தான ஓட்டுதல் என்ற வகையில் சேர்த்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், எதிரே வருபவருக்கும் வீடு வாசல் உண்டு.

மறுநாள் காலை திருவாதவூரில் இருந்து திருமோகூர் வழியாக ஒத்தக்கடை வரை மாமா காரை ஓட்டினார். யானைமலை கண்ணில் படும் வரை போனில் திருவாசகம் ஓடியது. ஒத்தக்கடையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பின்னை வெளியே எடுத்து, அப்பத்தாவின் கேசட்டைப் போட்டார். ஆக்ஸ் ஜாக் வந்ததில் இன்னொரு யோசனையும் அவருக்குத் தோன்றிவிட்டது. "வாங்குறதுக்கு ஒரு வாசல் வெச்ச மாதிரி, இந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புறதுக்கும் ஒரு வாசல் வைக்க முடியாதா மாப்ளே?" என்று கேட்டார்.

முடியும். அதே இடத்தில், ரேடியோ, கேசட் பக்கம் இருந்து வரும் முனையில், கன்டென்சர் வழியாக இன்னொரு ஜாக்கை வைத்துக் கம்ப்யூட்டரின் லைன் இன் வரை கொண்டு போனால் ஆடாசிட்டியில் பதிந்துகொள்ளலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை அதுதான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கேசட் இருந்தால், டேப் உளுத்துப் போகும் முன் நீங்களும் தொடங்கிவிடுங்கள்.